இரண்டாம் பக்கத்தை இருட்டில் கேள்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவிட்டது என்பதில் மகிழ்ச்சி. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டுவை. இங்கே எல்லோரும் நலம்.

ஆங்கிலப் பாடகி கேட் புஷ்ஷின் ‘ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்’ ஆல்பத்தைத் திரும்பக் கேட்டதில் முதல் பாதி பிடித்தது, பின்பாதி துண்டு துண்டாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது கேட்ட விதத்தின் கோளாறு. 1985 செப்டம்பரில் வந்தபோது அது எல்பி, இரண்டு பக்க இசைத்தட்டு. முதல் பக்கத்தில் ஐந்து பாட்டு, ஒவ்வொன்றும் தனி. மறுபக்கத்து ஏழும் ‘தி நைன்த் வேவ்’ என்கிற ஒரே கதை. கடலில் விழுந்த ஒரு பெண் இரவு முழுக்கத் தனியாக மிதக்கிறாள். தூங்கினால் செத்தாள். தூக்கம் கண்ணைச் சுழற்றுவதில் தொடங்கி, பனிக்கட்டிக்கு அடியில் தன்னையே பார்ப்பது, சூனியக்காரி என்று விசாரிக்கப்படுவது, ஆவியாக வீட்டுக்குள் நிற்பது என்று போய் விடியலில் முடியும். வரிசை கலைந்தால் ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே போனில் கேட்பதானால் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணை. ஒரு பாட்டின் வால்மேல் அடுத்ததைப் படரவிடும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வை. சத்தத்தைச் சமன்படுத்தும் வசதி பாட்டுக்குப் பாட்டு வேலை செய்தால் அதையும் நிறுத்து. இல்லாவிட்டால் மெல்லிய பியானோவோடு வரும் ‘அண்ட் ட்ரீம் ஆஃப் ஷீப்’ தூக்கிவிடப்பட்டு, ‘வேக்கிங் தி விட்ச்’ அமுக்கப்படும். அந்த ஏற்ற இறக்கம்தான் பயமே. 1997-இல் வந்த சிடி என்றால் பன்னிரண்டாவது பாட்டோடு நிறுத்திவிடு. விடியலுக்கு மறுநொடியே ‘தி பிக் ஸ்கை’யின் ரீமிக்ஸ் வந்து மண்டையில் அடிக்கும். ஆனால் கூடுதல் பாட்டுகளில் ‘அண்டர் த ஐவி’யை மட்டும் இன்னொரு நாள் தனியாகக் கேள், இரண்டே நிமிடம்தான்.

எல்பியில் ‘ஹலோ எர்த்’ கரகரக்கிறது என்றாயே, அதற்குக் காரணம் கணக்குதான். முதல் பக்கம் சுமார் 21 நிமிடம், இரண்டாவது 26-ஐத் தாண்டுகிறது. அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடைக்க, ஊசி ஓடும் வரிகளை நெருக்கி, சத்தத்தையும் குறைத்து வெட்டியாக வேண்டும். போதாததற்கு, தட்டின் வெளி விளிம்பில் வரி ஊசியடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் 21-தான். அதே ஒலி பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கப்படுகிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘ஹலோ எர்த்’ கிட்டத்தட்ட அங்கே உட்கார்ந்திருக்கிறது, ‘ஸ’ ஒலிகள் சிதறாமல் என்ன செய்யும்? முதலில் ஊசி முனையைத் துடை. பிறகு ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தட்டை அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வை. குறைவான எடைதான் தட்டுக்கு நல்லது என்று நினைக்காதே, ஊசி துள்ளித்தான் வரியைக் கீறும். அதன்பின் அலைன்மென்ட் அட்டையை வைத்து கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பார். அதற்கும் சரியாகவில்லை என்றால் உருண்டை முனை ஊசியை மாற்றி நீள்வட்ட முனை போடு.

கீபோர்டில் ‘ரன்னிங் அப் தட் ஹில்’ வரவே மாட்டேன் என்கிறது என்றும் சொன்னாய். நிமிடத்துக்கு 108 தட்டு. வலது கை ஏ ஃபிளாட், பி ஃபிளாட், சி மைனர் என்று கார்டுகளில் நகரும்போது அடியில் ‘சி’ அசையாமல் நிற்க வேண்டும். நீ இடது கையையும் கூடவே நகர்த்துகிறாய் என்று பந்தயம் கட்டுவேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கார்டும் வீடு வந்து சேர்ந்துவிடும். இந்தப் பாட்டு கடைசிவரை வீடு சேராமல் தவிப்பது அந்த ஒற்றை ‘சி’யால்தான்.

அந்தப் பாட்டின் முனகலான மெட்டு ஃபேர்லைட்டில் வாசித்தது, ஒலித்துணுக்கைப் பதிந்து சுரங்களாக வாசிக்கும் கணினி கீபோர்டு அது. எட்டு பிட், ஒரே நேரத்தில் எட்டுக் குரல், குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம். 30 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் அரை நொடிக்கு மேல் அடங்காது. துணுக்கைச் சுற்றிச் சுற்றித்தான் நீட்டியாக வேண்டும், அந்தச் சொரசொரப்பு அங்கிருந்து வருகிறது. இன்றைய சாஃப்ட்வேரில் செலோ ஒலியை எடுத்தால் பளிங்கு மாதிரி வழுக்கும். அதை எட்டு பிட்டுக்கு இறக்கு, மேல் அதிர்வெண்களை வெட்டு, சுரத்திலிருந்து சுரத்துக்குக் கொஞ்சம் வழுக்க விடு. எதிரொலி சேர்க்கும் ரிவெர்பைக் கடைசியில் போடு. முன்னால் போட்டால் அதன் தேயும் வாலும் எட்டு பிட்டில் மாட்டி மணல் கொட்டுவதுபோல் இரையும். டிரம் தாளத்தை லின் டிரம் இயந்திரத்தில் அமைத்தவர் டெல் பாமர், அதன்மேல் ஸ்டூவர்ட் எலியட்டின் நிஜக் கை. இயந்திரத்தை மட்டும் வைத்தால் பாதிதான் வரும்.

தலைப்புப் பாட்டில் பேஸ் கிட்டாரே இல்லை, கவனித்தாயா? டிரம்ஸும் ஜோனதன் வில்லியம்ஸின் செலோவும்தான் துரத்துகின்றன. பேஸ் குமிழைத் திருகினால் டிரம்ஸ் குழம்புமே தவிர, இல்லாத பேஸ் வராது. பிறகு ‘மதர் ஸ்டாண்ட்ஸ் ஃபார் கம்ஃபர்ட்’டில் எபர்ஹார்ட் வேபரின் பேஸ் நுழைகிறபோது அந்த வெற்றிடம் புரியும். ‘கிளவுட்பஸ்டிங்’ முடிவில் ரயில் எஞ்சின் புஸ்ஸென்று நிற்கிறதே, அது ஒட்டுவேலை. கடைசியில் வாத்தியங்கள் ஒழுங்காக முடியாமல் கலைந்தன, அதை மூடத்தான் நீராவி. கேட்டால் முதலிலேயே திட்டமிட்டது போலல்லவா இருக்கிறது! ‘பிக் ஸ்கை’ மட்டும் இன்றைக்கும் எனக்கு இழுவைதான், சண்டைக்கு வராதே.

இதற்கெல்லாம் நேரம் கிடைத்தது, கேட் புஷ் தன் குடும்பப் பண்ணையிலேயே சொந்த ஸ்டுடியோ கட்டிக்கொண்டதால். வாடகை ஸ்டுடியோவில் மணிக்கணக்கு ஓடும்போது இப்படிச் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. பிரிட்டனில் மடோனாவின் ‘லைக் அ வர்ஜினை’ முதலிடத்திலிருந்து இறக்கிய ஆல்பம் ஒரு பண்ணைக் கொட்டகையில் பிறந்தது!

கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னாய். பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும் சி-60 போதும். ஏ பக்கத்தில் ஒன்பது நிமிடம் காலியாக நிற்கும், அதில் வேறு எதையும் நிரப்பப் போவதில்லை. ஓட்டித் திருப்பிக்கொள்.

அன்புடன்,
சேகர்