என் மகளுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

என் மகள் திருநங்கை. வயது பதினேழு. கூடப் படிக்கும் பையனுக்கு அவளைப் பிடித்துப்போனது, அவளுக்கும் அவனை. விஷயம் வெளியே தெரிந்தபோது எங்களைத் தாங்கிக்கொண்டவர்களுக்கு இந்த மடல். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையனின் அம்மாவுக்கு. அன்று ராத்திரி உங்கள் போன் வந்ததும் எனக்குக் கை உதறியது. "என் பிள்ளை வாழ்க்கையே போச்சு" என்று ஆரம்பிப்பீர்கள் என்றுதான் பயந்தேன். நீங்கள் கேட்டதோ, "ரெண்டும் விடிய விடிய சாட் பண்ணுதுங்க. பரீட்சை வருது. பத்து மணிக்கு மேல இவன் போனை நான் வாங்கி வெச்சிடறேன், உங்க பொண்ணு போனை நீங்க வாங்கி வெச்சிடறீங்களா?" வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பீர்கள். அதுதான் என்னை அழவைத்தது. "ஆன்ட்டி என்னையும் திட்டினாங்களாம்மா?" என்று கேட்டபோது மகள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இந்த வயதுப் பிள்ளைகளுக்குரிய கண்டிப்பு அவளுக்கும் கிடைத்தது. பெற்றோர் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

டாக்டர் அம்மா, "இது மனநோய், வைத்தியம் பார்த்தா சரியாயிடும்" என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசினீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் இது மனநலக் கோளாறுகளின் பகுதியிலேயே இல்லை என்று விளக்கினீர்கள். மாற்றிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்றும் கண்டிப்பாகச் சொன்னீர்கள். அவள் தாத்தா அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வகுப்பு டீச்சருக்கும் நன்றி. பதிவேட்டில் பெயர் மாறும்வரை காத்திருக்காமல், அவள் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லியே கூப்பிட்டீர்கள். கேலி செய்த பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசினீர்கள்.

தம்பி, கடைசியாக உனக்கு. பையன்கள் துருவித் துருவிக் கேட்டார்களாம். அவளைப் பற்றி அவள் சொல்ல விரும்பாத ஒரு சொல்கூட உன் வாயிலிருந்து வரவில்லை. "எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டாய். நாளைக்கு உங்கள் இருவர் மனமும் மாறலாம், இந்த வயதில் அதுவும் சகஜம்தான். எது எப்படி ஆனாலும் நீ எங்கள் வீட்டுக்கு வரலாம், போகலாம்.

அன்புடன்,
அவள் அம்மா