காதால் படிப்பவர்களுக்குக் கேட்காத ரகரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வரும் செய்திகளைக் காதால் கேட்டுப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்: பார்வை மங்கியவர்கள், எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள், நெடுநேரம் திரையைப் பார்க்க இயலாதவர்கள். இதற்குத் தனி மென்பொருள் வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் செய்தியைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட், யு மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வாசிப்பு தொடங்கிவிடும். மேலே தோன்றும் பட்டையில் பல்லவி, வள்ளுவர் என்ற தமிழ்க் குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றுக்கு இணைய இணைப்பு வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் முதலில், செய்தியை மட்டும் காட்டும் வாசிப்புப் பார்வைக்கு மாறி, ஓரத்தில் உள்ள ஹெட்போன் படத்தை அழுத்த வேண்டும். அது கணினியில் உள்ள குரல்களையே பயன்படுத்துவதால், தமிழ்க் குரல் இல்லாத கணினியில் தமிழ் ஒலிக்காது.

குரல் சரியாக அமைந்த பிறகும் பல தமிழ்ச் செய்தித் தளங்களில் வாசிப்பு தடுக்கி விழுகிறது. அந்தக் கோளாறு எழுத்தில் இருக்கிறது. பழைய அச்சிலும் எழுத்துருக்களிலும் 'ர்' என்பதை நெடிலுக்குரிய கால் போட்டு, மேலே புள்ளி வைத்துக் காட்டும் வழக்கம் இருந்தது. அந்தப் பக்கங்களை, இன்று கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவி காலைக் காலாகவே எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்கு 'அவர்' என்றே தெரியும்; குரலுக்கோ அங்கே ரகரமே இல்லை. ஒருமையா மரியாதையா என்பதே கேட்பவருக்குப் புரியாமல் போகிறது. 'ரி'யும் இப்படித்தான் கெடுகிறது.

எகர, ஏகாரத்தோடு சேரும்போது நிலைமை இன்னும் மோசம். 'தேர்தல்' என்ற சொல்லில் தகரத்துக்கு முன்னே தெரியும் இரட்டைக் கொம்பும் பின்னே வரும் போலிக் காலும் சேர்ந்து ஓகாரக் குறியாகிவிடுகின்றன. 'தே' என்று ஒலிக்க வேண்டியது 'தோ' என்று ஒலிக்கிறது. 'சேர்ந்த' என்பதற்கும் 'தெரியும்' என்பதற்கும் இதே கதி. இவை செய்தியில் பத்திக்குப் பத்தி வரும் சொற்கள்.

கண்டுபிடிப்பது எளிது. செய்திப் பக்கத்தில் உலாவியின் தேடல் பெட்டியைத் திறந்து 'அவர்' என்று புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் சிக்காவிட்டால் அது போலி ரகரம். திருத்துவதும் கடினமில்லை. தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ வரவே வராது; ஆகவே அப்படி வரும் இடங்களில் எல்லாம் காலை ரகரமாக மாற்றிவிடலாம். ஓகாரக் குறிக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ வந்தால், அதை ஏகாரக் குறியும் ரகரமுமாகப் பிரிக்க வேண்டும். ஒகரக் குறிக்கும் இதேபோல் எகரக் குறியும் ரகரமும். இந்த இரண்டாம் விதியை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடியும். வெளியிடும் மென்பொருளில் ஒருமுறை எழுதி வைத்தால் போதும், பழைய செய்திகளையும் இதே விதியில் ஓட்டிவிடலாம்.

'ஔவை'யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்வது வேறு வகைப் பிழை. இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது; 'ஒளி' கெட்டுவிடும். 'கௌரவம்' போன்ற சொற்களுக்கும் சேர்த்து ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டு திருத்துவதே நல்லது.

பக்கத்தின் நிரலில் மொழி தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் ஆங்கிலக் குரல் எழுந்து, தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய் எண்களை மட்டும் படிக்க வாய்ப்புண்டு. செய்திக்கு நடுவே செருகும் 'இதையும் படிக்க' இணைப்புகளைக் கடைசிக்குத் தள்ளினால், ஒரு செய்தியின் பாதியில் இன்னொரு தலைப்பு குறுக்கிடாது. படமாக வெளியிடும் அறிவிப்புகளைக் குரல் படிக்கும் என்று நம்ப முடியாது. அவற்றின் வாசகத்தைக் கீழே எழுத்தாகவும் தர வேண்டும்.

உங்கள் இணையப் பிரிவினர் முதலில் ரகரத்தை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்ற எந்தத் திருத்தத்தையும்விட அதுவே அதிகச் சொற்களைக் காப்பாற்றும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்