முந்திரி ஓடு பற்றி, கோத்தகிரியிலிருந்து

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சி கையில் கொப்புளம் ஆறிவிட்டதா? உறை போட்டால் கொட்டை உடைக்க வேகம் வராது என்று அவள் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஓட்டு எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். விளக்கெண்ணெயாவது தடவிக்கொள்ளச் சொல்.

இங்கே மழை விடவில்லை. தேயிலைக் கொழுந்து குவிகிறது, விலை வழக்கம்போலத்தான்.

பண்ருட்டியில் குவிந்து கிடக்கும் ஓட்டை எங்கள் தேயிலை ஃபேக்டரி அடுப்புக்கு வாங்குவோமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், ஆனால் எண்ணெய் எடுக்காத ஓடு வேண்டாம். எரிவதில் குறையில்லை, கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். புகைதான் சனியன்! கண்ணும் தொண்டையும் எரியும், புகைபோக்கியில் தார் படியும். எங்கள் டிரையரில் புகை தேயிலையைத் தொடாது. புகை குழாய்க்குள்ளேயே போய்விடும், குழாய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் சூடாகும் காற்றுதான் உலர்த்துகிறது. அந்தக் குழாயில் சின்னதாகத் துளை விழுந்தால் முடிந்தது கதை. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஏலத்துக்குச் சுவை பார்ப்பவர் ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் எண்ணெய் எடுத்த சக்கையை அனுப்பு. ஓட்டை அப்படியே விற்றால் நஷ்டம் உனக்குத்தான். அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய். அதைக் காய்ச்சும்போது அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டு கார்டனால் என்ற எண்ணெயாக மாறும். பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் அது போகிறது, பிரேக் லைனிங்குக்கும் போகிறது. பர்லியாறு இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் உன்னைப் பயமுறுத்திய பஸ் நின்றதற்கு உங்கள் ஊர் ஓட்டுக்கும் பங்கிருக்கலாம்! எக்ஸ்பெல்லர், அதாவது எண்ணெய் பிழியும் மெஷின் போட உன் ஒருவனால் முடியாது. நாலைந்து பேராகச் சேருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் எடுக்கும் மில்லுக்கு ஓட்டைக் கொடுத்து, கூலி பேசிச் சக்கையைத் திரும்ப வாங்கு.

அப்புறம், பருப்பின் மேலிருந்து உரிக்கும் சிவந்த தோல். அதை ஓட்டோடு சேர்த்து எரிக்காதே, தனியாக மூட்டை கட்டு. டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்தது, தோல் பதனிட ஆகும். ஆனால் வாங்க வருகிறவன் யார், எதற்கு என்று நன்றாக விசாரி. அதை அரைத்துத் தேயிலைத்தூளில் கலந்து விற்கும் திருட்டுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. நிறமும் துவர்ப்பும் ஒத்துப்போகும் என்பதால் டீக்கடையில் குடிப்பவனுக்குத் தெரியாது. அந்த ஆட்களுக்கு மட்டும் ஒரு கிலோகூடக் கொடுத்துவிடாதே, எங்கள் பிழைப்பில் மண் விழும்.

சக்கையில் முதலில் நாலு மூட்டை போதும், எரித்துப் பார்த்துவிட்டு விலை பேசலாம். நனையாமல் தார்ப்பாய் போட்டு அனுப்பு.

உன் நண்பன்