சிகாகோவுக்குக் குழுக்களை அழைத்து வரும் சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் பயணத்திட்டத்தில் சிகாகோ நாளுக்கு நேராக "மதிய உணவு: புகழ்பெற்ற டீப் டிஷ் பீட்சா, 40 நிமிடம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த 40 நிமிடத்தை மாற்றுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

இந்தக் கோடையில் வந்த ஒரு குழுவுக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரிந்ததே. பீட்சா மேசைக்கு வந்தபோது பேருந்து கிளம்பும் நேரமாகிவிட்டது. எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஓடும் வண்டியில் சாப்பிட வேண்டியதாயிற்று. ஆழமான தட்டில் வேகவைக்கும் டீப் டிஷ் கையில் எடுத்துக் கடிக்கும் பண்டமல்ல. கத்தியும் முள்கரண்டியும் வேண்டும், அசையாத மேசை வேண்டும். பெட்டியில் அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கி அடிமாவு நமுத்துவிடும். பல ஆயிரம் மைல் பறந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது அந்த நமுத்த மாவுதான்.

1943இல் ஒஹாயோ தெருவும் வாபாஷ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் பிட்சேரியா ஊனோ என்னும் பீட்சா கடை தொடங்கியது. அன்று தொட்டு டீப் டிஷ் செய்துவரும் முறை இது: சுமார் இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டில் எண்ணெய் தடவி, மாவை ஓரங்களில் ஏற்றி அழுத்துவார்கள். அடியில் மொஸரெல்லா சீஸ், அதன்மேல் இறைச்சியோ காய்கறியோ, எல்லாவற்றுக்கும் மேலே நசுக்கிய தக்காளி. நெடுநேரம் வேகும்போது மேலே கிடக்கும் சீஸ் கருகிவிடும், அதனால்தான் அது கீழே போகிறது. வேகவே 30 முதல் 45 நிமிடம் ஆகும். எடுத்த உடனே வெட்டினால் சீஸும் சாறும் வழிந்தோடும், சில நிமிடம் ஆறவிட வேண்டும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அடுப்பில் இடமும் இருக்காது.

ஆகவே 90 நிமிடம் கொடுங்கள். முந்தின நாளே கடைக்குச் சொல்லி வையுங்கள். 12 அங்குலப் பீட்சா நான்கு பேருக்குப் போதும், ஆளுக்கு இரண்டு துண்டில் வயிறு நிறைந்துவிடும். குழுவில் சைவர்கள் எத்தனை பேர் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இந்த ஊரில் பீட்சாவுக்கு வழக்கமான சேர்க்கை பன்றி இறைச்சி சாசேஜ். கடைசி நிமிடத்தில் கேட்டால் சைவ பீட்சாவுக்கு இன்னொரு 40 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

90 நிமிடம் முடியவே முடியாது என்றால் டீப் டிஷ் என்று அச்சிடாதீர்கள். சிகாகோக்காரர்கள் வாரநாளில் சாப்பிடுவது பெரும்பாலும் சதுரத் துண்டுகளாக வெட்டிய, மெல்லிய, மொறுமொறுப்பான டேவர்ன் பீட்சாதான். தெற்குப் பகுதியில் புலாஸ்கி சாலையிலுள்ள வீட்டோ அண்ட் நிக்ஸ் அதற்குப் பேர்போனது. இது டீப் டிஷ்ஷைவிட வெகு விரைவில் வெந்துவிடும்.

மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு இத்தாலியன் பீஃப் சாண்ட்விச் இன்னும் எளிது. 1938இல் தொடங்கிய ஆல்ஸ் கடை டெய்லர் தெருவில் இருக்கிறது. பூண்டும் மூலிகைகளும் சேர்த்துச் சுட்ட இறைச்சியைத் தாள் போலச் சீவி, அதன் சாற்றில் நனைத்து நீள ரொட்டியில் வைத்துச் சில நிமிடங்களில் தந்துவிடுவார்கள். "டிப்ட்" என்றால் ரொட்டியையும் சாற்றில் முக்கித் தருவார்கள். "ஹாட்" என்றால் ஜியார்டினியேரா எனும் காரமான காய்கறி ஊறுகாய், "ஸ்வீட்" என்றால் வதக்கிய குடைமிளகாய். மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்கு இத்தகைய கடைகள் சிலவற்றில் முட்டையும் குடைமிளகாயும் வைத்த சாண்ட்விச் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அது எளிதாகக் கிடைக்கும். உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இந்த ஊரில் உங்கள் திட்டம் முழுக்கவே இப்படித்தான் ஓடுகிறது. 1893இல் விவேகானந்தர் பேசிய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் படம் எடுத்ததும் விசில், மில்லேனியம் பூங்காவில் விசில், ஏரிக்கரையில் விசில். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வருபவர்களை உட்கார விடாமல் துரத்துவது எந்த வகை உபசாரம்? ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அந்த ஒஹாயோ தெரு முனை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். கடைவீதி நிறுத்தம் ஒன்றைக் குறைத்தாலே நேரம் கிடைத்துவிடும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பருவத்துக்கான பயணத்திட்டத்தை அச்சுக்கு அனுப்புமுன், அந்த வரியில் 40 என்பதை 90 என்று திருத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிகாகோவாழ் தமிழர் சிலர்