ஆண்டறிக்கை: வட்டாரப் பதிவேடும் வணிகக் கட்டடங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். நமது கட்டுமானப் பொறியாளர் மற்றும் ஒப்பந்ததாரர் சங்கத்தின் கடந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு தவறாமல் கூடியது. பாதுகாப்பு வாரத்தில் சைட்டுகளில் தலைக்கவசம் வழங்கினோம். வரி விதிமுறைகள் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி வட்டாரப் பதிவேடு. நம் வட்டாரத்தில் சாலை, மின்சாரம், காலிக் கட்டடம் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று உறுப்பினர்களே நேரில் பார்த்து எழுதும் ஏடு இது. சென்ற பொதுக்குழுவில் இதை முன்மொழிந்தபோது, “கட்டடம் கட்டுவது நம் வேலை, கணக்கெடுப்பது யார் வேலை?” என்று சிலர் கேட்டார்கள். அன்று நேரம் இல்லை. இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் தொழில் வதந்தியில் ஓடுகிறது. “அந்தப் பக்கம் பெரிய கம்பெனி வருதாம்” என்று ஒருவர் சொன்னால் போதும், மனை விலை ஏறும், ஆளுக்கொரு வணிக வளாகத்துக்கு அஸ்திவாரம் விழும். பிளான் போட்டு, அனுமதி வாங்கி, கட்டி முடித்துச் சாவி கொடுக்க இரண்டு மூன்று வருடம் ஆகிவிடுகிறது. வாடகை ஏறும்போது தொடங்கியவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முடிக்கிறார்கள். அப்புறம் குடிவர ஆள் எங்கே? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930-ல் தொடங்கி 1931 மே மாதம் திறந்துவிட்டார்கள். அந்த வேகத்தை இன்றும் பாராட்டுகிறோம். ஆனால் அதற்குள் பொருளாதார மந்தம் முற்றிவிட்டது. பல வருடம் பெரும்பகுதி காலியாகக் கிடந்ததால் ஊரே அதை ‘எம்ப்டி ஸ்டேட்’, அதாவது ‘காலி ஸ்டேட்’ என்று கூப்பிட்டது.

ஒரு வட்டாரத்தில் வணிகக் கட்டடம் பெருகுவதற்குப் பல காரணங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று வந்து மற்றது வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் கேனரி வார்ஃப் நல்ல பாடம். கைவிடப்பட்ட கப்பல்துறைப் பகுதிக்கு 1982-ல் வரிச்சலுகை கிடைத்தது. நிலம் இருந்தது, அனுமதி எளிது. 1991-ல் பெரிய கோபுரமும் எழுந்துவிட்டது. ஆனால் நகரத்தின் நடுவிலிருந்து அங்கே போய்வரச் சரியான வசதி இல்லை. 1992-ல் கட்டிய நிறுவனம் திவாலானது. ஜூபிலி சுரங்க ரயில் 1999-ல் அங்கே வந்தது. பெரிய வங்கிகள் தங்கள் தலைமையிடங்களை அங்கே கொண்டுபோனது அதையொட்டித்தான். இடமும் கட்டடமும் அதே. நடுவில் வந்து சேர்ந்தது பாதை.

பாதைக்கு அடுத்து மின்சாரம். இதை நாம் இன்னும் சரியாக மதிப்பதில்லை. அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் இணைய வலைப்பின்னல்கள் சந்திக்கும் மையம் 1990-களிலேயே அமைந்துவிட்டது. அதைச் சுற்றித்தான் ஆஷ்பர்ன் பகுதியில் தரவு மையங்கள், அதாவது கணினிகள் நிறைந்து மின்சாரத்தை ஏராளமாக இழுக்கும் கட்டடங்கள், குவிந்தன. 2022-ல் மின்கம்பிப் பாதைகளின் கொள்ளளவு போதாமல் புதிய இணைப்புகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்தது. நிலமும் பணமும் வாடகைக்கு ஆளும் கையில் இருந்தும் காத்திருந்தார்கள்.

வட்டியை எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், பெரும்பாலான வணிகக் கட்டடங்கள் கடனில்தான் எழுகின்றன. அமெரிக்க மத்திய வங்கி 2022, 2023 ஆண்டுகளில் வட்டியைப் பூச்சியத்தருகிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றியபோது, வீட்டிலிருந்தே வேலை என்ற பழக்கத்தால் ஏற்கெனவே துவண்டிருந்த அலுவலகக் கட்டடங்கள் படுத்துவிட்டன. அதே வட்டியில், அதே நாட்டில், தொழிற்சாலைக் கட்டுமானம் வேகமாக ஏறியது. கணினிச் சிப் உற்பத்திக்கு மானியம் தர 2022-ல் வந்த சட்டம் அதற்குத் தோள் கொடுத்தது. ஆகவே “வட்டி குறையட்டும், வேலை வரும்” என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: எந்த வகைக் கட்டடம், யார் பணத்தில், யார் குடிவரப்போகிறார்கள் என்று பாருங்கள். வெளியிலிருந்து வருமானம் கொண்டுவரும் ஆலையோ கல்லூரியோ மருத்துவமனையோ முதலில் வரவேண்டும். கடைகள் சம்பளத்தின் பின்னால் வருபவை. சம்பளம் வாங்குபவர்கள் இல்லாத இடத்தில் கடைவரிசை கட்டினால் ஷட்டர்தான் மிஞ்சும்.

இவற்றைக் கண்ணால் பார்த்து எழுதுவதுதான் பதிவேடு. அறிவிப்புகளுக்கு அதில் இடமில்லை. சாலை அகலப்படுத்தப்போவதாகக் கேள்வி என்று எழுதக்கூடாது, ஓரக்கல் பதித்தாயிற்றா என்று எழுத வேண்டும். துணை மின்நிலையத்தில் புதிய டிரான்ஸ்ஃபார்மர் ஏறியதா, கழிவுநீர்க் குழாய் எதுவரை வந்திருக்கிறது, தரைத்தளம் காலியா, மேல்தளம் காலியா, எவ்வளவு நாளாக என்று எழுத வேண்டும். நம் இளைய உறுப்பினர் ஒருவர் எழுதிய பதிவை அப்படியே வாசிக்கிறேன்: “நான்கு தளத்துக்கு அஸ்திவாரம், இரண்டு தளத்தோடு நிற்கிறது. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டியபடி துருப்பிடித்துவிட்டன, சிமெண்ட் பால்கூடப் பூசவில்லை. மேல்தளத்துக்கு லிஃப்ட் இல்லை, மின் லோடு கிடைக்கவில்லை. பின்தெருவில் லாரி வந்து திரும்பும் அகலம் இருக்கிறது, அங்கே மூன்று குடோன்களும் நிரம்பியுள்ளன.” இந்த நாலு வரியில் அந்த இடத்தில் அடுத்து எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பது தெரிந்துவிடுகிறது. இதற்காகத்தான் நான் மன்றாடுகிறேன்.

வாடிக்கையாளர் விவரம் வெளியே போய்விடும் என்று சில உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். பெயர் எதுவும் வேண்டாம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் மாதாமாதம் வரைபடம் போடும் நிறுவனங்களிடம் முக்கியமாகக் கேட்பது, பில் தொகை போன மாதத்தைவிடக் கூடியதா, குறைந்ததா, அதேதானா என்பதுதான். அந்தப் பதில்களிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து, வீடல்லாத கட்டடங்களைக் கட்டச் செலவிடப்படும் தொகையின் போக்கை முன்கூட்டியே சொல்கிறார்கள். வரைபடத்துக்குப் பிறகுதானே கான்கிரீட்? நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் வரைபடம் போடுபவர்கள். கூடியதா, குறைந்ததா என்று மாதம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் எழுதியவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். ஆனால் நகல் கேட்டு வந்தவர்கள் நிறைய. அவர்களில் பலருக்குச் சந்தா நிலுவையில் இருக்கிறது. கூட்டத்துக்கு வராமல், சந்தாவும் கட்டாமல், டெண்டர் போடும் முந்தின நாள் மட்டும் அலுவலகத்துக்குப் போன் செய்வது சக உறுப்பினர்களுக்குச் செய்யும் அநியாயம். சைட்டில் பில் தொகை தாமதமானால் நாம் எவ்வளவு வருந்துகிறோம்! சங்கமும் அப்படித்தான் காத்திருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செலவு வரவைச் சற்று மிஞ்சியது, கையிருப்பிலிருந்து எடுத்துச் சமாளித்தோம். அச்சுச் செலவும் அலுவலகக் கூரைப் பழுதும் முக்கியமானவை. தணிக்கை முடிந்திருக்கிறது.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், அரங்கம் அளித்த நண்பர், அலுவலக உதவியாளர் அனைவருக்கும் நன்றி. பதிவேட்டில் எழுதிய இளைய உறுப்பினர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டை மாதாந்திர அறிக்கையாக்க விரும்புகிறேன். அதற்குப் பகுதிக்கு இருவர் வேண்டும், நிலுவைச் சந்தாவில் பாதியாவது வசூலாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இந்தப் பணியை நிறுத்திவைக்கும்படி நானே செயற்குழுவிடம் கேட்டுக்கொள்வேன். அரைகுறைத் தகவலை நம்பி ஒருவர் கடன் வாங்கிக் கட்டிவிடக்கூடாது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதும் பொதுக்குழுவின் விருப்பம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருக்கிறார். பகுதி வாரியாகப் பெயர் எழுதும் தாளும் அதே மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்