புதியது என்று விற்ற பழைய ஹாட் டிஸ்க்: ஒரு முறைப்பாடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
20.03.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் யாழ்ப்பாணக் கிளையில் 11.01.2025 அன்று வாங்கிய வெளி ஹாட் டிஸ்க் தொடர்பாக

தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி, சனிக்கிழமை, உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் 1 டெராபைற் ஹாட் டிஸ்க் ஒன்றை 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். பற்றுச்சீட்டில் "புதியது, ஒரு வருட உத்தரவாதம்" என்று எழுதி முத்திரையும் குத்தித் தந்தார்கள். ஏழு கிழமை நிறைய முதல் அது நின்றுவிட்டது. நின்றதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும். ஆனால் அந்த டிஸ்க் நான் வாங்கும்போதே பழையது. வேறொருவர் வருடக்கணக்கில் பாவித்துக் கழித்ததைப் புதுக் கூட்டுக்குள் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இதற்குச் சான்று என்னிடம் இருக்கிறது. கிளைக்கு மூன்று தரம் போய்ச் சொல்லியும் கேட்பார் இல்லாதபடியால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டில் இருப்பது மகள் கனடாவுக்குப் போக முதல் பாவித்த கணினி. அதில் உள்ள எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) 120 ஜிகாபைற் மட்டுமே. இரண்டு வருடமாகக் குடும்பப் படங்களையும் காணி உறுதிகளையும் ஸ்கான் செய்து அதில் சேர்த்து வந்தேன். எல்லாவற்றிலும் பெரிதாக நான் நினைத்தது பதினான்கு கசெற்றுகளை. எண்பதுகளில் அண்ணா ஜேர்மனிக்குப் போன பிறகு அம்மா அவருக்குக் கடிதம் எழுதமாட்டா, கசெற்றில் கதைத்து அனுப்புவா. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது வீட்டில் விட்டதெல்லாம் போய்விட்டது. இந்தக் கசெற்றுகள் அண்ணாவிடம் இருந்தபடியால்தான் தப்பின. ஒன்றில் அம்மா ஊர்ப் புதினம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "பொறு மோனை, பால் பொங்குது" என்று எழும்பிப் போவா. பிறகு கொஞ்ச நேரம் அடுப்படிச் சத்தமும் ஒரு சேவல் கூவுவதும் மட்டும் கேட்கும். நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கணினிக்கு மாற்றி முடிக்கும்போதே மூன்று கசெற்றில் நாடா அறுந்து போனது. இனி அவை ஓடா. கணினியில் ஏற்றிய பிரதிதான் மிச்சமாக இருந்தது.

கணினி நிறைந்தபடியால்தான் உங்களிடம் வந்தேன். வர முதல் ஒரு கிழமை நன்றாக விசாரித்தேன். மேசையில் வைக்கும் மூன்றரை அங்குல வகைக்குத் தனியாக 12 வோல்ற் அடப்ரர் வேண்டும். அதைத் தங்கை வீட்டுக்குக் கைப்பையில் கொண்டுபோக வசதியில்லை. எஸ்எஸ்டி வகை விலை என் கைக்கு மிஞ்சியது. எப்போதாவது எடுத்துப் பார்க்கும் படத்துக்கும் குரலுக்கும் அவ்வளவு வேகம் தேவையுமில்லை. ஆகவே, யூஎஸ்பி கேபிளாலேயே மின்சாரம் எடுக்கும் இரண்டரை அங்குலச் சுழலும் டிஸ்க், 1 டெராபைற் போதும் என்று முடிவோடுதான் கடைக்குள் ஏறினேன்.

கண்ணாடி அலுமாரியில் இரண்டு இருந்தன. பெயர்பெற்ற நிறுவனத்தினது 21,500 ரூபாய். பக்கத்தில், நான் கேள்விப்படாத பெயரோடு மற்றது 11,500 ரூபாய். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். விற்பனைக்கு நின்ற தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்ரி, உள்ளுக்க இருக்கிற சாமான் எல்லாம் ஒண்டுதான். பெட்டியின்ர பேருக்குத்தான் கூட விலை. கணினியில இருக்கிறதை எல்லாம் இதுக்கு மாத்திப்போட்டு அங்க அழியுங்கோ, கணினியும் வேகமாகும்." புதுசுதானே என்று இரண்டாம் தரமும் கேட்டேன். சீல் உடைக்காத பெட்டி என்றார். நம்பினேன்.

வீட்டுக்கு வந்து செருகியதும் 931 ஜிகாபைற் என்று காட்டியது. அதில் நான் குறை சொல்லவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுவார்கள், விண்டோஸ் 1024 ஆல் பிரித்துக் காட்டும், அதனால் 1 டெராபைற் 931 ஆகத்தான் தெரியும். இது எல்லா டிஸ்க்குக்கும் பொது. நியாயமில்லாத ஒரு குறையையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க நான் விரும்பவில்லை. தம்பி சொன்னபடியே எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கணினியில் அழித்தேன்.

சிவராத்திரிக்கு மறுநாள், பெப்ரவரி 27, அண்ணாவுக்கு ஒரு படம் அனுப்பவென்று செருகினேன். மேசையில் கிடந்த டிஸ்க்கில் இருந்து பல்லி சொல்வதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. பிறகு திரையில், இந்த டிஸ்க்கைப் பாவிக்க முதல் ஃபோமற் செய்ய வேண்டும், அதாவது வெறுமையாக்கிப் புதிதாகத் தயார்செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு கேள்வி. உடனே உங்கள் கிளைக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஓம் குடுங்கோ அன்ரி, ஃபோமற் பண்ணினால் சரியாகும்" என்றார்கள். இதைத் தயவுசெய்து பாரதூரமாக எடுங்கள். விரைவு ஃபோமற், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையை மட்டும் புதிதாக்கும், கோப்புகளை ஓரளவு மீட்கலாம். முழு ஃபோமற் கொடுத்தால், விஸ்ரா என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ் தட்டு முழுவதும் பூச்சியம் எழுதிவிடும், பிறகு மீட்க ஒன்றும் இராது. அதுமட்டுமில்லை, சத்தம் போடும் டிஸ்க்கை மேலும் ஓடவிடுவதே ஆபத்து. என் பிள்ளைகளின் சாமான் எல்லாம் இதில் இருக்கிறது என்று சொன்ன பிறகும், இந்த வேறுபாட்டை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பயத்தில் கேபிளைக் கழற்றிவிட்டேன். அந்தப் பயம்தான் காப்பாற்றியது.

மறுநாள் கிளைக்குக் கொண்டுபோனேன். டிஸ்க்கை விட்டுவிட்டுப் போங்கள், கொழும்புக்கு அனுப்பி மூன்று கிழமையில் வேறொன்று தருவோம், உள்ளே உள்ளதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். உத்தரவாதம் டிஸ்க்குக்குத்தான், தரவுக்கு இல்லை என்பது எங்கும் உள்ள வழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவின் குரலை விட்டுவிட்டு வெறுங்கையோடு வர மனம் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் கணினி திருத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் டிஸ்க்கைத் திறக்கவே இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை வந்தது. கீழே, டிஸ்க்கில் வாசிக்க முடியாமல் இருக்கும் பகுதிகளைக் காட்டும் ஒரு வரி. ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டியது வேறோர் எண்ணை: டிஸ்க் இதுவரை ஓடிய நேரம், 23,412 மணித்தியாலம். "ரீச்சர், இதை எப்ப வாங்கினனீங்கள்?" என்று கேட்டார். தையில் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கணக்குப் போட்டுக் காட்டினார். இருபத்துநாலால் பிரித்தால் 975 நாள். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் இரண்டு வருடமும் எட்டு மாதமும். என் வீட்டில் அது மொத்தம் ஐம்பது மணித்தியாலம்கூட ஓடியிராது.

தரவை மீட்பதற்குக் கூட்டைக் கழற்றி டிஸ்க்கை நேரே கணினியில் பூட்டவேண்டி வந்தது. என் சம்மதத்தோடுதான் கழற்றினார். உள்ளே இருந்தது ஒரு லப்டொப் டிஸ்க். அதன் முகத்தில் ஒட்டியிருந்த சீட்டில் தயாரித்த வருடம் 2015. உலகத்தில் இன்று சுழலும் டிஸ்க் செய்பவர்கள் சீகேற், வெஸ்டர்ன் டிஜிற்றல், தோஷிபா என்ற மூன்றே பேர். கூட்டுக்கு மேலே என்ன பெயர் அடித்திருந்தாலும் உள்ளே இருப்பது இவர்களில் ஒருவரது டிஸ்க்காகத்தான் இருக்கும். அந்த வகையில் உங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை. செய்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையுமில்லை, அந்த டிஸ்க் தன் காலத்துக்கு ஒழுங்காக உழைத்திருக்கிறது. உழைத்துக் களைத்ததைப் புதியது என்று விற்றதுதான் பிழை.

மீட்பு நாலு நாள் ஓடியது. 18,000 ரூபாய் முடிந்தது. ஆயிரத்து நானூற்று அறுபது படத்தில் ஆயிரத்து நூறு அளவில் வந்தன. பதினான்கு கசெற்றில் ஒன்பது வந்தன. பால் பொங்கிய கசெற் வரவில்லை. நாடா அறுந்த மூன்றில் அதுவும் ஒன்று.

வரவேண்டியது வரவில்லை, வரக்கூடாதது வந்தது. என் படங்களுக்கு இடையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் படங்கள். சிவப்புக் கதிரையில் ஒரு சின்னப் பிள்ளை, முன்னால் கேக், அதில் ஏழு என்ற மெழுகுதிரி. ஒருவருடைய தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கமும். வேலைக்கு அனுப்பிய சுயவிபரக் கோவை. கோப்புகளில் 2018 என்று திகதி. பழைய சொந்தக்காரர் எங்கோ கொடுத்த டிஸ்க்கை மேலோட்டமாக ஃபோமற் செய்து, கூடு மாற்றி, என் கையில் தந்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் படத்தை நான் பார்த்திருக்கக்கூடாது. கோப்புகளின் பெயரும் திகதியும் உள்ள பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, படங்கள் எல்லாவற்றையும் என் முன்னிலையில் அழிப்பித்தேன்.

மார்ச் 10 அன்று அச்செடுத்த தாள்களோடு கிளைக்குப் போனேன். சீல் உடைந்தபடியால் உத்தரவாதம் இல்லை என்று கையை விரித்தார்கள். 15 ஆம் திகதி கிளைப் பொறுப்பாளரையே சந்தித்தேன். 23,412 என்ற எண்ணைக் காட்டினேன். அவர் தாளைப் பாராமல், "11,500 ரூபாய்க்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன். மலிவாக வேண்டும் என்று கேட்டது நான்தான். பொய்யாக வேண்டும் என்று கேட்கவில்லை. பாவித்த டிஸ்க்கை விற்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பாவித்தது என்று எழுதி அதற்கேற்ற விலைக்கு வையுங்கள். பாட்டும் படமும் போட்டுவைக்கிற பிள்ளைகள் விருப்பத்தோடு வாங்குவார்கள், போனாலும் திரும்ப இறக்கிக்கொள்வார்கள். எனக்கு அதை அன்றே சொல்லியிருந்தால் இன்னொரு மாத ஓய்வூதியம் வரும்வரை பொறுத்து மற்றதை வாங்கியிருப்பேன். எது மலிவு, எது ஆபத்து என்று பார்த்துத் தெரிவுசெய்யும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள்.

என் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு, மறைக்கவில்லை. எந்தப் புது டிஸ்க்கானாலும் ஒரு பிரதியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. கணினியில் அழிக்க முதல் இன்னோர் இடத்திலும் வைத்திருக்க வேண்டும். இப்போது மிஞ்சியதை இரண்டு டிஸ்க்கில் பதிந்து, ஒன்றைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். ஆனால் "மாத்திப்போட்டு அழியுங்கோ" என்று சொல்லித் தந்தது உங்கள் கடை.

ஆகவே நான் கேட்பவை: டிஸ்க்கின் விலை 11,500 ரூபாயும் மீட்புச் செலவு 18,000 ரூபாயும், மொத்தம் 29,500 ரூபாய், எனக்குத் திருப்பித் தரவேண்டும். மாற்று டிஸ்க் வேண்டாம். யாழ்ப்பாணக் கிளையில் அதே பெயரில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை இறக்கி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அந்த மென்பொருளுக்கு இரண்டு நிமிடம் போதும். புதிய டிஸ்க்கில் ஓடிய நேரம் பூச்சியமாகவோ ஓரிரு மணித்தியாலமாகவோ இருக்கும். இனிமேல் விற்கும்போது வாங்குபவர் முன்னாலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தொலைபேசியில் பதில் சொல்பவர்களுக்கு, தரவு உள்ள டிஸ்க்கை ஃபோமற் செய்யச் சொல்லக்கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள்.

பழுதான டிஸ்க்கை ஒப்படைத்தால்தான் பணம் பற்றிக் கதைக்கலாம் என்று பொறுப்பாளர் சொன்னார். அதற்கு நான் உடன்படமாட்டேன். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்கும் டிஸ்க் உங்களிடம் எங்கே போய்ச் சேர்கிறது என்று அந்தச் சிவப்புக் கதிரைப் பிள்ளையின் படத்தில் பார்த்துவிட்டேன். என் மகளின் கடவுச்சீட்டுப் பிரதியும் வீட்டுக் காணி உறுதியும் அதே டிஸ்க்கில் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் நிறைவேறியிருப்பதை உங்கள் திருத்தப் பிரிவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால் ஏப்ரல் 11 வரை எனக்குத் தவணை உண்டு. உங்கள் பதிலுக்கு ஏப்ரல் 3 வரை பொறுத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் இதே தாள்களோடு யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரசபை அலுவலகத்துக்குப் போவேன்.

பணத்தைத் தரும் நாளில் டிஸ்க்கைக் கிளைக்குக் கொண்டுவருகிறேன். உங்கள் ஆட்களே என் கண் முன்னால் அதைத் திறந்து உள்ளே இருக்கும் தட்டை உடைக்கட்டும். உடைந்த துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வருவேன்.

இங்ஙனம்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, உத்தரவாத அட்டையின் பிரதி, டிஸ்க் ஓடிய நேரத்தைக் காட்டும் திரைப் படம், டிஸ்க்கின் முகச்சீட்டுப் படம், மீட்புச் செலவுப் பற்றுச்சீட்டு.