காலைக்கு ஒரு முழம் நூல்

அன்புள்ள தம்பி,

காலையில் கண் திறந்ததும் கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது, படுக்கையை விட்டு எழுவதற்குள்ளேயே பாதித் தெம்பு தீர்ந்துவிடுகிறது என்று நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. அதே பேச்சில் எம்பிராய்டரி கற்றுக்கொள்ளலாமா அம்மா என்று கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் வேறு பேச்சு வந்துவிட்டது. தாராளமாகக் கற்றுக்கொள், அதுவும் காலையில் முதல் வேலையாகவே செய். போனில் அவசரமாகச் சொல்லிவிடுகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் குறித்துக்கொண்டு தைக்காதே. அரை மணி நேரம் என்று அலாரம் வைத்தால் கண் கடிகாரத்துக்கும் துணிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். நூலையே அளவாக வைத்துக்கொள். ஒரு நாளைக்கு ஒரு முழம், அதாவது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சுமார் 45 செ.மீ. அது தீரும்வரை தை, தீர்ந்ததும் எழுந்து உன் வேலையைப் பார். பதற்றப்படாமல் தைத்தால் கால் மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும், அன்றைக்கு அது போதும். ஊசியில் அடிக்கடி நூல் கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டிவிடாதே. துணிக்குள் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் நூல் உரசுகிறது, நீளமான நூலில் கடைசிப் பகுதி பிசிறிப் பளபளப்பும் போய்விடும், சிக்கும் விழும்.

எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே எடுத்து வைத்துவிடு. தூக்கக் கலக்கத்தில் எந்தக் கலர், எந்த ஊசி, கத்தரிக்கோல் எங்கே என்று தேட ஆரம்பித்தால் போன்தான் ஜெயிக்கும். எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது, அதில் உனக்கு இரண்டு இழை போதும். இரண்டையும் சேர்த்து உருவாதே, தனித்தனியாக ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவு. மிச்ச இழைகள் கீழே சுருண்டு குவியும், பயந்துவிடாதே, நீவிவிட்டால் நேராகிவிடும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்கினால் முறுக்கு போய், தையல் துணிமேல் படிந்து உட்காரும். எட்டாம் நம்பர் எம்பிராய்டரி ஊசி எடு, நம்பர் கூடக் கூட ஊசி மெலிசாகும். நூலைக் கோர்த்தே வைத்துவிட்டுத் தூங்கப் போ. வடிவத்தையும் போனைப் பார்த்துத் தைக்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. ஒரு விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் கண்ணாடியில் காகிதத்தை ஒட்டி அதன்மேல் துணியை ஒட்டினால் கோடு தெரியும், அப்படியே பென்சிலால் வரைந்துவிடு. தண்ணீரில் அழிகிற பேனாவாக இருந்தால் அலசுவதற்கு முன்னால் இஸ்திரி போடவே கூடாது, சூடு பட்டால் சில மைகள் அப்படியே நின்றுவிடும்.

துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையம் ஆறு அங்குலம் போதும், பிடித்த கையின் விரல் வளையத்தின் நடு வரை எட்டவேண்டும். தைத்து முடித்ததும் தினமும் திருகைத் தளர்த்தித் துணியை வெளியே எடுத்துவிடு, விட்டுவைத்தால் வளையத்தின் தடம் விழுந்துவிடும். மறுநாள் காலையில் துணியை மறுபடி மாட்டி, நாலு பக்கமும் இழுத்து, விரலால் சுண்டினால் டப்பென்று சத்தம் வருகிற அளவுக்கு இறுக்குவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. தையல் ஆரம்பிக்கும் முன்னாலேயே மனசு அங்கே வந்துவிடும்.

ஜன்னல் பக்கம் உட்கார், நீ வலது கைக்காரன் என்பதால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும், கையின் நிழல் தையல்மேல் விழாது. காலை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த வெளிச்சமும் ஒரு காரணம். ராத்திரி விளக்கில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பச்சைகள் பகலில் வேறு வேறாகத் தெரியும். இன்னொரு காரணம், காலையில் கண்ணும் கழுத்தும் களைக்காமல் இருக்கும். அதற்காகக் குனிந்து தைக்காதே, மடியில் ஒரு தலையணை வைத்து வளையத்தை உயர்த்திக்கொள். அடிக்கடி தலை தூக்கி ஜன்னல் வழியாக ரொம்ப தூரத்தில் இருக்கிற எதையாவது பார்.

எத்தனை வகைத் தையல் கற்கவேண்டும் என்று கேட்பாய். இப்போதைக்கு ஒன்றே ஒன்று, காம்புத் தையல், இங்கிலீஷில் ஸ்டெம் ஸ்டிட்ச். பிரான்சில் பாயூ என்ற ஊரின் பெயரிலேயே பதினோராம் நூற்றாண்டுத் துணி ஒன்று இருக்கிறது, லினன் துணியில் கம்பளி நூலால் தைத்தது, கிட்டத்தட்ட 68 மீட்டர் நீளம், ஒரு போரின் கதை முழுக்க அதில் இருக்கிறது. அதன் கோடுகளும் எழுத்துகளும் பெரும்பாலும் இந்தக் காம்புத் தையல்தான். நீ ஒரு இலைக்கொடி போடுவதற்கு இது தாராளம். இடமிருந்து வலமாகப் போ. முன்னால் ஒரு எட்டு குத்து, அந்த எட்டில் பாதி தூரம் பின்னால் வந்து ஊசியை வெளியே எடு, நூல் எப்போதும் ஊசிக்குக் கீழேயே இருக்கட்டும். ஒரு தடவை மேலே போய்விட்டாலும் அந்த இடத்தில் கோடு உடைந்தது மாதிரி தெரியும். ஆரம்பத்தில் முடிச்சுப் போடாதே, பின்னால் கொஞ்சம் நூலை விட்டு முதல் சில தையல்களுக்குள் அதை அடக்கிவிடு. முடிக்கும்போது பின்பக்கத்துத் தையல்களுக்குள் நாலைந்து தடவை நுழைத்து வெட்டிவிடு. தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும், அப்போது ஊசியை விட்டுவிட்டுத் தொங்கவிடு, அது தானாகச் சுற்றி முறுக்கைப் பிரித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நீயும் சும்மா இரு. காலையில் சும்மா இருப்பதற்கு உனக்குக் கிடைக்கிற ஒரே சாக்காகக் கூட அது இருக்கலாம்.

இந்தத் துணியை யாருக்கும் பரிசு தருவதாக ஒத்துக்கொள்ளாதே, இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். யாராவது பார்த்துவிட்டு அழகாக இருக்கிறதே, எனக்கும் ஒன்று என்பார்கள். சரி என்று சொன்ன நிமிஷமே அது ஒரு தேதிக்குள் முடிக்கவேண்டிய வேலையாகிவிடும், உனக்கு அப்படிப்பட்ட வேலைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு வேறு துணியில், வேறு நேரத்தில் தைத்துக் கொடு.

ஊர் போகிற நாள், உடம்பு முடியாத நாள், ராத்திரி வேலை நீண்டுபோன நாளில் தைக்கவேண்டாம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் இரண்டு முழம் எடுக்காதே.

முதல் கொடி முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடு. எங்கே நூலை இறுக்கி இழுத்திருக்கிறாய், எங்கே தாவிப் போயிருக்கிறாய் என்று பின்பக்கத்தில்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன தையல் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா